கை தூங்குது டாக்டர்

எர்லிந்தா தஃபோயாவுக்கு எதிர்த்துப் பேச வராது. பக்கத்து வீட்டுக்காரன் அவள் வாசலை மறித்துக் காரை நிறுத்தினாலும் சுற்றிக்கொண்டு போவாள். கேட்டால், "அவனும் எங்கயாவது நிறுத்தணும்ல" என்பாள். எல்லைக்குத் தெற்கே, மிச்சோவாக்கான் மலைப்பக்கம் பிறந்தவள். கல்யாணமான புதிதில் ஃபிதென்சியோவோடு வடக்கே வந்து, வாஷிங்டன் மாநிலத்தில் எங்கள் ஆப்பிள் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டாள். பேக்கிங் ஷெட்டில் பெல்ட்டின் முன்னால் என் பக்கத்து இடம் அவளுடையது. அவள் மகள் யுரிடியாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நான்தான் ஞானத்தாயாக நின்றேன். அன்றிலிருந்து அவள் எனக்குக் கொமாத்ரே, நான் அவளுக்குக் கொமாத்ரே. எங்கள் ஊர்ப்பக்கம் அந்த உறவு வந்துவிட்டால் எத்தனை நெருக்கமானாலும் 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்வோம்.

வேலை செய்யும்போது அவள் கையைப் பார்ப்பதே இல்லை. கண் என் முகத்தில் இருக்கும். யார் வீட்டு விசேஷத்தில் யார் யாரோடு ஆடினார்கள் என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு கையும் தாமாகவே பழத்தை எடுத்து, காம்பைத் திருப்பி, தட்டில் உட்காரவைக்கும். அந்தக் கைகள்தான் முதலில் போயின.

ஒரு குளிர்காலத்தில் ஆரம்பித்தது. ஷெட்டுக்குள் எப்போதும் குளிர்தான். கையுறைக்குள் விரல் விறைத்துப்போவது எங்கள் எல்லோருக்கும் உண்டு, வீட்டுக்குப் போய் வெந்நீரில் வைத்தால் சரியாகிவிடும். அவளுக்குச் சரியாகவில்லை. பழம் நழுவ ஆரம்பித்தது. எதிர் வரிசையில் நிற்கும் ரெமெதியோஸ், "ஆப்பிளுக்கு நடை பழக்கறியா எர்லிந்தா?" என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம். எர்லிந்தாவும் சிரித்தாள்.

எங்கள் ஊர் கிளினிக்கில் அவளுக்கு வாய்த்தவர் டாக்டர் ஹால்வர்சன். உயரமான மனிதர், வெளுத்த புருவம். வாலிப வயதில் தன் சபையின் ஊழியத்துக்காகச் சிலி நாட்டுக்குப் போய் வீடு வீடாகக் கதவு தட்டி, அங்கே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவர். அதனால் அவர் வாயைத் திறந்தாலே வேதாகமம் வாசிப்பதுபோல் இருக்கும். "உமக்குச் சமாதானம் உண்டாவதாக, சகோதரியே. உமது வீட்டார் சுகமாயிருக்கிறார்களா?" என்பார். ரெமெதியோஸ் சாப்பாட்டு இடைவேளையில் அவர் குரலிலேயே பேசிக் காட்டுவாள்: "சகோதரியே, மலச்சிக்கலானது உம்மை விட்டு நீங்கிற்றோ?"

கேலி செய்தாலும் எங்களுக்கு அவரைப் பிடிக்கும். மற்ற டாக்டர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். ஃபோனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து மேஜைமேல் வைத்துவிட்டால், நாம் பேசுவது அந்த ஃபோனிடமா, டாக்டரிடமா என்றே தெரியாது. ஹால்வர்சன் நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு முகத்தைப் பார்த்துப் பேசுவார். எர்லிந்தாவின் அம்மா பெயரைக்கூட நினைவில் வைத்திருந்தார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று கிளினிக்கில் பதிந்திருந்ததால், அவர் அறைக்கு மொழிபெயர்ப்பாளரை யாரும் அழைப்பதில்லை. அழைக்கவேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதும் இல்லை.

எங்கள் பேச்சில் கை மரத்துப்போவதைக் கை தூங்கிப்போகிறது என்போம். காலும் அப்படித்தான், தூங்கும். நடக்கப் பழகின பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. ஆனால் வேதம் சொல்லக் கதவு தட்டிய வாலிபனிடம் சிலியில் யாரும் தங்கள் கை தூங்குவதைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

டாக்டர்கள் முன்னால் எர்லிந்தாவின் குரல் பாதியாகிவிடும். அன்றைக்கும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "தூங்கித் தூங்கிப் போகுது டாக்டர். வேலைல நிக்கும்போதே தூங்கிப்போகுது, எல்லாம் கீழ விழுது" என்றாள். கை என்ற வார்த்தையைச் சொன்னாளா, சொல்லவேயில்லையா என்பது பிறகு அவளுக்கே நினைவில்லை. மடியில்தான் இருக்கிறதே, பார்த்தால் தெரியாதா என்று நினைத்திருப்பாள்.

"வேலை ஸ்தலத்தில் நித்திரை உம்மை மேற்கொள்ளுகிறதோ?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர்."

அவர் முன்னால் சாய்ந்து, "உமது இருதயம் பாரமாயிருக்கிறதா?" என்றார்.

அந்த வருஷம்தான் ஊரில் அவள் அம்மா இறந்திருந்தாள். போனால் மறுபடி எல்லை தாண்டி வர முடியாது என்பதால் எர்லிந்தா போகவில்லை. சவப்பெட்டியை இறக்குவதை ஃபோன் திரையில் பார்த்தாள், பாதியில் சிக்னல் போய்விட்டது. மறுநாள் காலை பெல்ட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். அதுவரை யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. அழுதுவிட்டாள். டாக்டர் அவள் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"கைக்கு மாத்திரை குடுத்திருக்காரு" என்று என்னிடம் வந்து சொன்னாள். அது மனக்கவலைக்கான மாத்திரை.

மாத்திரை வேலை செய்யத்தான் செய்தது. அழுகை நின்றது. அதோடு மற்றவையும் நின்றன. ரெமெதியோஸின் கேலிக்குச் சிரிப்பதை விட்டாள். யார் யாரோடு ஆடினார்கள் என்பதும் அவளுக்கு வேண்டாததாகிவிட்டது. ஃபிதென்சியோ தோட்டத்து வேலையிலிருந்து வரும்போது அவள் சமையலறை நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாளாம். என்ன பார்க்கிறாய் என்றால் ஒன்றுமில்லை என்பாள். ஜன்னலுக்கு வெளியே உண்மையிலேயே ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரனின் கார்தான்.

அடுத்த தடவை டாக்டர் சுகமடைகிறீரா என்று கேட்டபோது, "நல்லாருக்கேன், ஆண்டவர் புண்ணியத்துல" என்றாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் எங்கள் ஜனம் முதலில் அதைத்தான் சொல்லும். சாகக் கிடந்தாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. மற்றதை அவள் ஆரம்பிப்பதற்குள் டாக்டர் முகமெல்லாம் மலர்ந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். அவர் பிடித்தது கண்ணுக்குத்தான் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை என்றாள் என்னிடம்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே, கொமாத்ரே?"

"அவ்ளோ சந்தோஷமா இருந்தாரு."

அதற்கடுத்த தடவை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, இன்னும் தூங்கத்தான் செய்கிறது, முன்னைவிட அதிகம் என்று சொன்னாள். டாக்டர் கவலைப்பட்டார். யக்கிமா நகரத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு கட்டிலில் படுக்கவைத்து, தலை முழுக்க ஒயரை ஒட்டி, அவள் தூங்குவதைப் பதிவு செய்தார்கள். நன்றாகத் தூங்கினாள். உன் தூக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது. நான் அவளிடம், கைக்கு வைத்தியம் பார்க்கப்போன இடத்தில் தலையில் எதற்கு ஒயர் என்று கேட்டேன். "அவர் படிச்சவரு, அவருக்குத் தெரியும்" என்றாள். நரம்பெல்லாம் தலையிலிருந்துதானே கிளம்புகிறது என்று எனக்கும் அது ஓரளவு சரியாகத்தான் பட்டது.

வசந்தம் வந்தது. சட்டைப் பொத்தானை ஃபிதென்சியோ போட்டுவிட ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே வலது கையைக் கல்லின் ஓரத்தில் ஊன்றினாள், எடுக்கவில்லை. வாடை வந்த பிறகுதான் நான் பார்த்தேன். பிடித்து இழுத்தேன். அவள் உள்ளங்கையைத் திருப்பி, யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அடுப்பைத் தணித்தாள்.

அன்றைக்கு நான் விடவில்லை. யுரிடியா ஸ்போகேனில் வேலையில் இருக்கிறாள், அவளுக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு, வரச்சொல்லுங்கள் என்றேன். இல்லாவிட்டால் ஃபோனில் வரும் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது என்றேன். அவள் சுட்ட இடத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஃபிதென்சியோவும் அங்கேதான் இருந்தான்.

"அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா, உங்க பேச்சு புரியல, வேற ஆளக் கூப்பிடுங்கன்னு சொல்லவா?" என்றாள். "மத்தவங்கள்லாம் அந்தச் சிரமம்கூடப் படல, கொமாத்ரே. இவரு நம்ம பாஷையைப் படிச்சிட்டு வந்தவரு. எங்கம்மா பேரைச் சொல்லிக் கேக்கற ஒரே ஆளு இந்த ஊர்ல அவருதான்."

"புரியுதா உனக்கு அவரு பேசறது?" என்று ஃபிதென்சியோ கேட்டான்.

"முக்கால்வாசி புரியும்."

"நீ பேசறது அவருக்கு?"

அவள் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினாள். ரொட்டி ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றாள்.

ஜூன் மாதம் செர்ரி வந்தது. செர்ரி வந்துவிட்டால் ஷெட்டில் யாரும் யாரையும் பார்க்க நேரமிருக்காது. எர்லிந்தாவுக்குக் காலும் தூங்க ஆரம்பித்திருந்தது, சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள். நான் கேட்டபோது புதுச் செருப்பு என்றாள். ஒரு பிற்பகல் மேல் மேடையிலிருந்து இரும்புப் படியில் இறங்கும்போது கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. விழுந்தாள். சத்தம் போடவில்லை. படிக்குக் கீழே உட்கார்ந்து காலைக் கையால் தூக்கி வைக்கப் பார்த்தாள், கைக்கும் அது முடியவில்லை. அப்போது அவள் முகத்தில் பயம் எதையும் நான் பார்க்கவில்லை. நீங்களே பாருங்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். நகரத்து ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர், எங்கள் பாஷை ஒரு வார்த்தை தெரியாதவள். சக்கரம் வைத்த கம்பத்தில் ஒரு திரையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். திரையில் ஒரு ஆண் மொழிபெயர்ப்பாளர், எங்கள் பாஷை பேசும் தீவுப்பக்கத்துக்காரர். வார்த்தையின் வாலை விழுங்கிப் பேசினார். முதலில் அவர் சொல்வதும் எங்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அந்தப் பெண் டாக்டர் பேசும்போது திரையைப் பார்க்காமல் எர்லிந்தாவையே பார்த்தாள். கிளினிக்கிலிருந்து வந்த விவரம் அவள் முன்னால் இருந்தது. பகலில் தூக்கம், மனச்சோர்வு, தூக்கப் பரிசோதனையில் குறையில்லை. தூக்க மயக்கத்தில் படியில் தவறினீர்களா என்று கேட்டாள்.

"தூங்கிப்போச்சும்மா" என்றாள் எர்லிந்தா.

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. டாக்டரிடம் ஏதோ அனுமதி கேட்பதுபோல் இரண்டு வார்த்தை பேசிவிட்டு எர்லிந்தா பக்கம் திரும்பினார்.

"அம்மா, ஒண்ணு தெளிவு பண்ணிக்கிறேன். தூங்கறது நீங்களா, இல்ல உங்க கை காலா?"

எர்லிந்தா திரையின் பக்கம் திரும்பினாள்.

"கைதான். அப்புறம் காலு" என்றாள். "நான் எங்க தூங்கினேன்?"

அவர் அதை இங்கிலீஷில் சொன்னதும் பெண் டாக்டர் ஒரு ஊசியை எடுத்து வந்தாள். விரல் நுனியில், உள்ளங்கையில், பாதத்தில், கணுக்காலில் குத்தினாள். எர்லிந்தா கண்ணை மூடிக்கொண்டு, எப்போது ஆரம்பிக்கப்போகிறீர்கள் என்று கேட்டாள். அதையும் அந்த மனிதர் அப்படியே சொன்னார்.

கழுத்தெலும்பு தேய்ந்து உள்ளே தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, தாமதிக்க முடியாது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்யப்போகும் டாக்டர் வந்து, இனிமேல் மோசமாகாமல் தடுப்பதற்குத்தான் இது, இதுவரை போனது திரும்பி வரும் என்று வாக்குத்தர முடியாது, சில மாதம் முன்னால் வந்திருந்தால் வேறு விஷயம் என்று சொன்னார். வேறொரு மொழிபெயர்ப்பாளர் அதை எங்களுக்குச் சொன்னார். இது டாக்டர் சொன்னதா, நீங்களாகச் சொல்கிறீர்களா என்று எர்லிந்தா கேட்டாள். நான் எதையும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை என்று பதில் வந்தது. அவள் தலையசைத்தாள். ஒரு டாக்டர் சொன்னது முழுதாகப் புரிந்தது இந்நாட்டில் இதுதான் முதல் தடவை என்று பின்னால் என்னிடம் சொன்னாள். மகிழ்ந்து சொன்னாளா, நொந்து சொன்னாளா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கால் ஓரளவு திரும்பியது, கோல் ஊன்றி நடக்கிறாள். வலது கை கரண்டியைப் பிடிக்கும். விரல்கள் மட்டும் வரவில்லை. ஷெட்டில் அவள் இடத்தில் வேறு ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், ஆனால் எந்நேரமும் காதில் பாட்டுக் கேட்பவள். வீட்டில் ரொட்டி இப்போது ஃபிதென்சியோதான் சுடுகிறான். எதுவும் வட்டமாக வராது. அவளுக்குத் தலை பின்னிவிடவும் கற்றுக்கொண்டான். குதிரைக்குப் பின்னுவதுபோல் இறுக்கிப் பின்னுகிறான் என்று அவள் சொன்னபோது, "வலிச்சா சொல்லு" என்றான். "அங்க வலி இருக்கு, நல்லா இருக்கு" என்றாள்.

யுரிடியா ஸ்போகேனிலிருந்து வந்தாள். கோபத்தில் அவள் அப்பாவோடுகூடச் சரியாகப் பேசவில்லை. வக்கீலைப் பார்க்கலாம் என்றாள். இத்தனை மாதம் அந்த மனிதர் ஒரு தடவைகூட உன் கையைத் தொட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்டாள்.

"குலுக்கினாரு" என்றாள் எர்லிந்தா.

வக்கீல் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். ஆனால் ஹால்வர்சனிடமே திரும்பிப் போவேன் என்றாள். வேறு டாக்டரைப் பார்க்கலாமே என்று யுரிடியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. முதல் தடவையாக எதிர்த்துப் பேசியது மகளிடம்தான்.

கோடை முடியும்போது போனாள். யுரிடியாவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னைக் கூட அழைத்துக்கொண்டாள். டாக்டர் உள்ளே வந்தார். சமாதானம் உண்டாவதாக என்று சொல்லவில்லை. கையில் ஒரு ஃபோன். அதை மேஜைமேல் வைத்து, அழைத்து, யாரோ எடுத்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியை இழுக்கவில்லை. இங்கிலீஷில் நிதானமாகப் பேசினார், ஃபோனிலிருந்து ஒரு பெண் குரல் எங்கள் பாஷையில் சொன்னது:

"நீங்கள் சொன்னதை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். புரிந்ததாக நினைத்ததால் திரும்பக் கேட்கவில்லை. உங்கள் கைகளைப் பரிசோதித்திருக்க வேண்டும். அதற்காக மிகவும் வருந்துகிறேன்."

யாரோ ஒரு பெண் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. எர்லிந்தா ஃபோனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்றாள். "எனக்குப் புரியும்."

அவருக்கு அது புரிந்திருக்கும், அத்தனை எளிய பேச்சு. ஆனாலும் ஃபோன் அதை இங்கிலீஷில் சொல்லும்வரை காத்திருந்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"தான் உங்கள் பாஷையில் பேசாமலிருப்பதே உங்களுக்கு நல்லது என்கிறார்" என்றது ஃபோன்.

அதன்பின் அவளைப் பரிசோதித்தார். ஒவ்வொரு விரலாகத் தொட்டு, தெரிகிறதா என்று ஃபோன் வழியாகக் கேட்டார். இல்லை, இல்லை, கொஞ்சம், இல்லை. அவள் எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள், திருப்பிச் சொல்லுங்கள் என்றும் கேட்டாள். அதை யுரிடியா சொல்லிக்கொடுத்திருந்தாள். டாக்டர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார், சரியாகவே சொன்னார். அம்மாவைப் பற்றியோ வீட்டாரைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. ஃபோனில் இருந்தவளுக்கு அடுத்த அழைப்பு காத்திருந்தது.

இப்போதும் அவரிடம்தான் போகிறாள், அதே மாதிரி ஃபோனை நடுவில் வைத்துக்கொண்டு. அந்த மனக்கவலை மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகு அழுகை வரும் என்று எதிர்பார்த்ததாகவும், வரவில்லை என்றும் ஒருநாள் காரில் என்னிடம் சொன்னாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "இப்போ அவரு நல்லாக் கேக்கறாரு, கொமாத்ரே" என்றாள். "முன்ன நல்லாப் பேசுவாரு."

சாலையின் இரண்டு பக்கமும் அறுவடை நடந்துகொண்டிருந்தது, ஏணிகள் மரத்துக்கு மரம் சாய்ந்து நின்றன. மிளகாயும் தக்காளியும் வாங்க வேண்டும் என்றாள். கடையில் நிறுத்தினேன். தக்காளியை இப்போது அவள் அழுத்திப் பார்ப்பதில்லை, நிறத்தைப் பார்த்து எடுக்கிறாள். பையை நான் வாங்கி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, இரண்டைத் திரும்ப வைத்தேன். அவள் மிளகாய் இருக்கும் பக்கம் நடந்தாள்.